மீனுக்கும் ஒரு மட்டக்கம்பு

டொரோண்டோ,
நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா.
2025 மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.  

கவரைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றிருக்கும். இந்தக் காலத்தில் கடிதம் வந்தால் ஒன்று கச்சேரியிலிருந்து வரும், இல்லாவிட்டால் கெட்ட செய்தியாக வரும். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனுக்குத்தான் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது மக்குவாரி ஏரியின் அடிச் சேற்றில் கிடக்கிறது. புதுப் போன் வாங்க உன் தம்பி பொண்டாட்டி இன்னும் உத்தரவு தரவில்லை. “ஒரு மாசம் போன் இல்லாம இருந்து பாருங்க, அப்பதான் புத்தி வரும்” என்று தீர்ப்பு. புத்தி வருவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன். லயத்து விலாசம் எழுதவில்லை, உன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புகிறேன். உன் ஆசிரியர் நியமனக் கடிதமே தோட்டத்து ஆபீஸ் லாச்சிக்குள் பதினொரு நாள் தூங்கிவிட்டுத்தானே நம்ம இஸ்தோப்புக்கு ஏறி வந்தது.

போன் முழுகுவதற்கு முதல் நாள் வந்த உன் குரல் பதிவை நாலு தரம் கேட்டேன். நீ பேசியதைவிட, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து அம்மா பேசியதுதான் அதிகம். “அவனுக்கு வேல போயிருச்சா? என்னாத்துக்கு மீன் புடிக்கப் போனான்? ரோட்டு வேலக்காரன் சட்டைய ஏன் போட்டுருக்கான்? மீன் மேல மட்டக்கம்பு வச்சிருக்கானே, கிறுக்குப் புடிச்சிருச்சா?” அதற்கு மேல் தொங்கல் காம்பரா பெரியம்மாவின் சந்தேகம் வேறு: “கனடாவுல இப்ப ஐஸ் தானே, அங்க எப்புடி மீனு?” ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. வாசிக்கக் கூடாத இடங்களுக்குப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். அங்கே வந்ததும் இருமிவிட்டுத் தாண்டிப் போ.

முதலில் கனடா. நான் டொரோண்டோவில் இருப்பது உண்மை, கனடாவில் இருப்பது பொய். எட்டு வருஷமாக இதைச் சொல்கிறேன், தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. பெரியம்மாவின் மருமகன் ஸ்காபரோவிலிருந்து போன் எடுத்து, “எந்த ரோட்டுல இருக்க மச்சான், வெள்ளிக்கிழம கோயில்ல சந்திப்போம்” என்று கேட்டபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதை இதுதான். 1880களில் நெட் ஹன்லன் என்ற கனடாக்காரர் படகு வலிப்பதில் உலக சாம்பியன். அவர் ஆஸ்திரேலியாவுக்கு வந்து போனார். அந்த நேரத்தில் இந்த ஏரிக்கரையில் காணித் துண்டு பிரித்து விற்றுக்கொண்டிருந்தவர்கள், அவருடைய ஊர்ப் பெயரைத் தூக்கி இங்கே வைத்துவிட்டார்கள். காணி விற்கிறவன் மூளை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்த மனுஷன் வந்து போன பாவத்துக்கு நான் இன்றைக்கும் பெரியம்மாவிடம் பொய்யனாக நிற்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ஊர் பதுளை மாதிரி. இதுவும் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனாக இருந்தது. ஆனால் 1990இல் அந்தக் கிளைப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது ஃபாசிஃபெர்னில் இறங்கித்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டபோது, “எங்க ஊருக்கு 1924இல வந்த ரயில் இன்னும் வந்துகிட்டுத்தான் இருக்கு” என்று விட்டேன் ஒரு போடு. எத்தனை மணிக்கு வரும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்தது வேலை. வேலை போகவில்லை. முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறேன், போன மாசம் சம்பளமும் கொஞ்சம் கூட்டினார்கள். மீன் பிடிப்பது இங்கே வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் செய்கிற காரியம். அம்மாவுக்கு இதை எப்படிச் சொன்னால் விளங்கும் என்று யோசித்தேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரைமார் சீமையிலிருந்து டிரவுட் மீன் கொண்டுவந்து ஹோர்ட்டன் சமவெளி ஓடையில் விட்டு, பிறகு அதையே தூண்டில் போட்டுப் பிடித்தார்கள் என்று நம்ம தாத்தா சொல்வாரே, அந்த மாதிரி. “கொண்டாந்து விட்டவனே எதுக்குப் புடிக்கிறான்?” என்று நாம் கேட்டதும் நினைவிருக்கும். அதே பைத்தியம்தான் இங்கே ஊருக்கே பிடித்திருக்கிறது. இப்போது எனக்கும். தொரைமார் விளையாட்டை உங்க வீட்டுப் பையன் விளையாடுகிறான் என்று பெரியம்மா காதில் விழுகிற மாதிரி வாசி.

ஏரி என்றதும் நுவரெலியா கிரகரி வாவியை நினைக்காதே. இது உப்புத் தண்ணீர், கடலோடு ஒட்டிய ஏரி. 110 சதுர கிலோமீட்டர். சிட்னித் துறைமுகத்தைப் போல ரெண்டு மடங்கு என்று இங்கே எல்லோரும், கேட்காமலே சொல்வார்கள். ஸ்வான்சி என்ற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. அதன் மேல் பாலம். உயரமான பாய்மரப் படகு வந்தால் பாலத்தை வாய் பிளந்த மாதிரித் தூக்குகிறார்கள், நெடுஞ்சாலையில் வாகனமெல்லாம் நின்று பார்க்கிறது. உல்லாசமாகப் போகிற ஒருத்தனுக்காக வேலைக்குப் போகிற அத்தனை பேரும் பிரேக் போடுகிறார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பதுளை டவுனில் இது நடக்குமா?

மேற்குக் கரையில் எராரிங் என்று ஒரு நிலக்கரி மின்நிலையம், 2,880 மெகாவாட். நம்ம நுரைச்சோலை 900. அதன் எந்திரத்தைக் குளிர வைத்த தண்ணீர் சூடாக ஏரிக்குள் வந்து விழும். குளிர்காலத்தில் மீனெல்லாம் அந்தப் பக்கம்தான் கூடும். அக்கா, ஜனவரிப் பனியில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பீலியில் தலை கொடுத்துவிட்டுப் பல் கிட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். இந்த ஊரில் மீன்கூடச் சுடுதண்ணியில் குளிக்கிறது.

என்னை இதில் இழுத்துவிட்டது பக்கத்து வீட்டுத் தாத்தா. நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 3.7 மீட்டர் நீளத்தில் ஓர் அலுமினியப் படகு இருக்கிறது. இங்கே அதற்கு டின்னி என்று பேர். முதல் தரம் அவர் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை டின்னியில் மீன் என்கிற மாதிரி ஏதோ சொன்னபோது, மனுஷன் டின்மீன் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டி எலுமிச்சம்பழத்தோடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ரப்பர் சப்பாத்தோடு நின்றார். நான் சம்பல் கிண்ணத்தோடு நின்றேன். அந்தச் சம்பலைத் தண்ணீர் நடுவில் பாணோடு சாப்பிட்டோம். அன்றையிலிருந்து ‘ஆனியன் திங்’ இல்லாமல் டின்னி கரையை விட்டுக் கிளம்புவதில்லை.

இனி சட்டங்கள். மீன் பிடிக்க லைசன்ஸ் வேண்டும், வருஷத்துக்கு 35 டொலர். (கோடு போட்டிருக்கிறேன், இருமு. நம்ம காசில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரும். நாள் சம்பளம் 1,350 கணக்கில் மச்சானுக்குக் கிட்டத்தட்ட ஐந்து நாள் பேர். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.) படகு ஓட்ட வேறு லைசன்ஸ் இருக்கிறது, ஆனால் பத்து நொட்டுக்குக் கீழே போனால் அது தேவையில்லை. பத்து நொட் என்றால் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். அதாவது நம்ம உடரட்ட மெனிக்கே எல்லயிலிருந்து தெமோதரைக்கு வருகிற வேகத்துக்கு இங்கே லைசன்ஸ் வேண்டாம்.

படகுக்குள் இருக்க வேண்டிய சாமான்களைத் தாத்தா முதல் நாள் வரிசையாகக் காட்டினார். நங்கூரமும் சங்கிலியும், டோர்ச் லைட், துடுப்பு, விசில், தீயணைப்புக் கருவி, நெருப்பணைக்க வாளி. வாளி எதற்கு என்று கேட்டேன். நெருப்புப் பிடித்தால் தண்ணீர் அள்ள என்றார். தண்ணீர் எங்கே என்று கேட்கவில்லை. சுற்றிவர 110 சதுர கிலோமீட்டருக்கு அதுதான் இருந்தது. வாளி தண்ணீரில் விழாமலிருக்க அதற்கு ஒரு கயிறு வேறு. போனுக்கும் ஒரு கயிறு கட்டச் சட்டம் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அம்மா பார்த்த ரோட்டு வேலைக்காரன் சட்டை, உயிர்காக்கும் சட்டை. சிறிய படகில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கட்டாயம். மகன் சின்னவனுக்கு ஒன்பது வயது, அதனால் போட்டிருந்தான். எனக்குக் கட்டாயமில்லை. ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். முழங்காலளவு ஓடையில் துண்டைப் பிடித்துக் கெண்டைக்குஞ்சு வடித்தவன் எங்கே நீந்துவது? மூன்று மாசம் இதைச் சொல்லாமல், ‘பாதுகாப்பில் நான் கொஞ்சம் கண்டிப்பு’ என்று காட்டிக்கொண்டேன். தாத்தா என்னை மிகவும் பொறுப்பான ஆள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மட்டக்கம்பு.

அது மீன் அளக்கிற அடிமட்டம். ஒரு முனையில் மூக்கு முட்டி நிற்க ஒரு தடுப்பு, பிறகு கோடு கோடாகச் சென்டிமீட்டர், பக்கத்தில் மீன் படங்கள். பிரீம் 25 சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம். வைட்டிங் 27. டெய்லர் 30. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் உயிரோடு திரும்ப விட வேண்டும். இதில் பெரிய வில்லங்கம் பிளாட்ஹெட் என்கிற மீன். தலையை யாரோ சப்பாத்துக் காலால் மிதித்த மாதிரி இருக்கும், செவுளில் முள் வேறு. அதற்கு இரண்டு பக்கமும் கணக்கு: 36க்குக் குறையவும் கூடாது, 70க்குக் கூடவும் கூடாது. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஐந்துதான். பெரிய மீனை ஏன் விட வேண்டும் என்றால், அது முட்டை போடுகிற தாய் மீனாம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்: தேயிலைச் செடி மேல் வைக்கிற மட்டக்கம்புக்குக் கீழே இருக்கிற கொழுந்தில் கை வைத்தால் கங்காணி கத்துவாரா இல்லையா? அது மாதிரி 36க்குக் கீழே. நாற்று மேடைக்குத் தண்டு வெட்டுகிற தாய்ச்செடியில் கொழுந்து எடுத்தால் கத்துவாரா இல்லையா? அது மாதிரி 70க்கு மேலே. அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். எனக்கு மூன்று மாசம் பிடித்தது.

விளங்கிய பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. இந்த ஏரியில் எனக்கு வருகிற பிளாட்ஹெட் எல்லாம் முப்பத்தைந்தரை. ஏதோ கூட்டம் போட்டுப் பேசி வைத்துக்கொண்டு வருகிற மாதிரி. மூக்கைத் தடுப்பில் முட்டி, வாலை நீட்டி, மேலே நின்று பார்த்தால் 36. குனிந்து நேராகப் பார்த்தால் முப்பத்தைந்தரை. வால் நுனியைக் கொஞ்சம் கிள்ளிச் சேர்த்தால் முக்கால். ஈரத்துணியால் தடவிவிட்டுப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒரு தரம் “நிமிர்ந்து படு” என்று அதனிடம் தமிழில் சொன்னேன். சின்னவன் இதற்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறான். நாள், மீன், நீளம், ‘அப்பா சொன்ன நீளம்’ என்று நாலு வரிசை. நம்ம கணக்கப்பிள்ளைகூட இவ்வளவு துல்லியம் கிடையாது. கடைசி இரண்டு வரிசைக்கும் இடையில் என் மானம் எழுதியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது அந்த அடிமட்டம் எல்லாவற்றுக்கும் ஏறி இறங்குகிறது. முருங்கைக்காய் வாங்கி வந்தால் அளக்கிறான். தோசையை அளந்து, “25 இல்ல, திரும்பக் கல்லுல போடுங்க” என்கிறான். போன கிழமை நான் தூங்கும்போது காலை அளந்து 26 என்று எழுதியிருக்கிறான். பிரீம் என்றால் எடுக்கலாம், வைட்டிங் என்றால் விட்டுவிட வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த அடிமட்டத்தை முதன்முதல் கையில் எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுவைக்காரருக்கு முன்னால் அம்மா நின்றதுதான் நினைவுக்கு வந்தது. நம்ம தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து இருந்தால் முழுப்பேர், முழு நாள் சம்பளம். பத்தொன்பது கிலோ இருக்கும், தராசு முள்ளை அம்மா தன் கண்ணால் பார்க்கும். பை எடைக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று என்று கழித்ததும் பதினேழு ஆகி, அரைப்பேர் விழும். மழை பெய்யாத நாளில் எங்கேயிருந்து தண்ணி என்று நீ ஒரு நாள் கேட்டுவிட்டு அடி வாங்கினாயே. இங்கே நடு ஏரியில், யாருமே பார்க்காத இடத்தில், ஒரு மீனுக்கு அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று நான் உட்கார்ந்து யோசிக்கிறேன். சரி, அதை விடு.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். காலை ஏழு மணி. தாத்தாவும் நானும் சின்னவனும். முதலில் ஒரு பிரீம் வந்தது, இருபத்தைந்தரை, சட்டப்படி நம்முடையது. பிறகு ஒரு பேத்தை மீன் வந்து பந்து மாதிரி ஊதிக்கொண்டு முறைத்தது. அது நஞ்சு, தூண்டிலை வெட்டி விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு வந்தது பிளாட்ஹெட். தூக்கும்போதே தெரிந்தது, இது வேறு ரகம். அடிமட்டத்தில் வைத்தேன். மூக்கு முட்டியது. வால் நுனி சரியாக 36ஆம் கோட்டில். கிள்ளவில்லை, தடவவில்லை. சின்னவன் குனிந்து பார்த்தான், “36” என்றான். தாத்தா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், 36 என்றார். எட்டு வருஷத்தில் எனக்கு இந்த நாட்டில் கிடைத்த இரண்டாவது பெரிய சான்றிதழ் அது. முதலாவது குடியுரிமை.

இதை உனக்கு அனுப்ப வேண்டாமா? போனை எடுத்தேன். அடிமட்டம், மீன், கோடு மூன்றும் தெளிவாக விழ வேண்டும், இல்லாவிட்டால் மச்சான் நம்ப மாட்டார். கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தேன், கொஞ்சம் அந்தப் பக்கம். நிழல் விழுகிறது என்று தாத்தாவைத் தள்ளி உட்காரச் சொன்னேன். இதையெல்லாம் படகுக்குப் பின்னாலிருந்து ஒரு கூழைக்கடா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே மீன் வெட்டுகிற மேசைகளைச் சுற்றி அவை காவல்காரர் மாதிரி நிற்கும், ஆளை நன்றாகத் தெரியும். கழுத்து நீண்டு வந்தது ஒரு செக்கன்தான். அலகு திறந்தது. 36 சென்டிமீட்டரும் உள்ளே போனது. நான் “ஏய்” என்று மீனைப் பிடிக்கப் பாய்ந்தேன், போன் இருந்த கையால்.

சின்னவன் கொப்பியில் எழுதியிருப்பது: ‘பிளாட்ஹெட் 36. பறவை எடுத்தது. அப்பாவின் போன் 16. திரும்ப விட்டாச்சு.’

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்து நிமிஷத்தில் மீன்வளத் திணைக்களப் படகு வந்து பக்கத்தில் நின்றது. இளம் பையன், தொப்பி, கையில் அவனுடைய அடிமட்டம். வணக்கம் சொல்லிவிட்டு லைசன்ஸ் கேட்டான். லைசன்ஸ் போனில் இருந்தது. போன் எங்கே என்றான். கீழே விரலைக் காட்டினேன். பேரைச் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன் என்றான்.

அக்கா, என் பேர்! என் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து விழுந்துபோனது, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து கூடியது, கடவுச்சீட்டில் அப்பா பேர் முன்னால் வந்து என் பேர் பின்னால் போனது உனக்குத் தெரியும். பதிவு எழுதினவருக்கு நம்ம பேர் வாயில் நுழையவில்லை, நுழைந்த மட்டும் எழுதினார். லயத்தில் பாதிப் பேருக்கு இதே கதைதான். சத்தியக் கடதாசி முடிக்கவே அப்பா எத்தனை நாள் பேர் இழந்தார். மூன்று விதமாக எழுத்துக் கூட்டிச் சொன்னேன், இல்லை, இல்லை, இல்லை என்றது அவனுடைய மெஷின். எனக்கு வியர்த்துவிட்டது. பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரிக் கைகட்டி நின்றிருக்கிறேன், அதுவும் ஆடுகிற படகில். கைகட்டியிருந்ததைத் தாத்தா சொல்லித்தான் தெரியும். கடைசியில் அப்பா பேரைச் சொன்னதும் நான் வந்தேன்.

பையன் பிரீமை அளந்தான். இருபத்தைந்தரை. நான் சொன்னதும் அதுதான், சின்னவன் எழுதியதும் அதுதான். ஈரத்துக்குக் கழிவு, வாளி எடை என்று ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் இங்கே இல்லையா என்று நீ கேட்பாய், நான் தாத்தாவிடம் கேட்டேன். இருந்தார்களாம். 2002 மே மாசத்திலிருந்து இந்த ஏரியில் வலை போட்டுத் தொழில் செய்வதை நிறுத்திவிட்டார்கள். என்னைப் போன்றவர்கள் கட்டுகிற லைசன்ஸ் காசிலிருந்துதான் அவர்களுக்கு நட்டஈடு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மீன் பெருகிவிட்டது என்று இவர்கள் மெச்சிக்கொள்கிறார்கள், பெருகியுமிருக்கலாம். ஆனால் வயிற்றுக்குப் பிடித்தவனை எழுப்பிவிட்டு, பொழுதுபோகாமல் பிடிக்கிறவனை உட்கார வைத்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. இந்த ஏரி அதற்கும் முன்னால் அவாபகால் என்ற ஆதிக்குடி மக்களுடையது. அவர்களிடம் யார் லைசன்ஸ் கேட்டார்களோ. இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னால், “உனக்கு மீன் கிடைக்காத நாளில்தான் இந்த யோசனையெல்லாம் வருகிறது” என்கிறார். அதுவும் உண்மைதான்.

திரும்பி வரும் வழியில் மோட்டார் நின்றுவிட்டது. பயப்படும்படி ஒன்றுமில்லை. (என்றாலும் கோடு போட்டிருக்கிறேன்.) தாத்தா வயரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். காற்று இல்லை, ஏரி தேங்காய் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மேற்கே வட்டகன் மலையில் மேகம் இறங்கியிருந்தது. நமுனுகுல தலையில் இறங்குமே, அதே மாதிரி. எனக்கு மட்டக்களப்பு நினைவு வந்துவிட்டது.

2003இல், போர்நிறுத்தக் காலத்தில், அப்பா நம்மைச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனாரே. லுணுகலை, பிபிலை, மகா ஓயா, செங்கலடி என்று பஸ்ஸில் நீ வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாய். 77 கலவரத்தில் அந்தப் பக்கம் போன மனுஷன், இருபத்தாறு வருஷம் கழித்து அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். ராத்திரி கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். நம்ம பதுளை ரயில் வந்த அதே 1924இல் கட்டிய பாலம் அது. ஒரு தோணிக்காரர் நம்மை ஏற்றிக்கொண்டு போய் நடு வாவியில் நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் முனையில் காது வைக்கச் சொன்னார். மீன் பாடுவது கேட்கும் என்றார். அப்பா காது வைத்துவிட்டு, “அடடா, கேக்குது” என்றார். நீ வைத்துவிட்டு, “நல்லா கேக்குதுப்பா” என்றாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அழுதேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் காதில் சொன்னது உனக்குத் தெரியாது. “எனக்கும் கேக்கலடா. அந்த மனுசன் அவ்வளவு ஆசையா துடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கேக்கலன்னு எப்புடிச் சொல்றது?”

தாத்தா மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நான் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்தேன். என்ன செய்கிறாய், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். எங்கள் நாட்டில் ஒரு வாவி இருக்கிறது, இதைவிட நீளம், அதில் நிலா வெளிச்சத்தில் மீன் பாடும், இப்படித்தான் கேட்பார்கள் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த எழுபத்தெட்டு வயது மனுஷன் கஷ்டப்பட்டுக் குனிந்து காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். சுரங்கத்து வெடிச்சத்தத்தில் பாதிக் காது போனவர். நிமிர்ந்து, “ஆமாம், ஏதோ கேக்குற மாதிரித்தான் இருக்கு” என்றார்.

அன்றைக்குக் கல்லடியில் உனக்கு நிஜமாகவே கேட்டதா அக்கா? இதற்கு மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் தனியாகப் பதில் எழுது.

பிரீமை அன்றைக்கே குழம்பு வைத்தோம். தாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தும் மனுஷன் கிண்ணத்தை வைக்கவில்லை. ருசி நல்ல ருசிதான், ஆனால் அம்மா மோட்டார் சைக்கிள் மீன்காரரிடம் பேரம் பேசி வாங்கி, தலையை நமக்கும் நடுத்துண்டை அப்பாவுக்கும் போட்டுவிட்டு, தான் சட்டியை வழித்துச் சாப்பிடுமே, அந்தக் குழம்பு இல்லை. இந்த இடத்தில் கோடு போடவில்லை. சத்தமாக வாசி.

கடைசியாக ஒரு வேலை. அம்மாவின் மட்டக்கம்பு அடுப்பங்கரைக் கூரை இடுக்கில் செருகியிருந்தது, நான் வரும்போது பார்த்தேன். சின்னவனிடம் அதைப் பற்றிச் சொன்னதும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாராவது விறகுக்கு உடைத்துவிடாமல் இருந்தால், இறக்கி, துடைத்து, நுனிக்கு நுனி அளந்து எழுது. அரை சென்டிமீட்டர் இருந்தாலும் விடாதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி